தொங்கும் கலமும் அமரும் கலமும்



கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரிக்குச் செல்வோர் இரண்டு இடங்களைத் தவறாமல் பார்ப்பார்கள். ஒன்று, 1555-ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்ததும், பின்னர் டச்சுக்காரர் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றதுமான மாளிகை. மற்றொன்று, 1568-ஆம் ஆண்டில் எழுந்த யூதர்களின் தொழுகைக் கூடம். அதன் அருகே செல்லும் யூதத் தெரு முன்னாளில் மிளகும் சுக்கும் ஏலமும் மணந்த வாணிகத் தெரு. அங்கிருந்த பண்டகசாலைகளில் பல இன்று பழம்பொருள் கடைகளாகிவிட்டன. அக்கடைகளில் நம் கண்ணை ஈர்ப்பவை வெண்கலத்தில் வார்த்த பெருங்கலங்கள். 'வார்ப்பு' என்பது மலையாளத்தில் அவற்றின் பெயர். சற்றுச் சிறியவற்றை நாமும் அவர்களும் ஒருங்கே 'உருளி' என்கிறோம்.

அந்த வார்ப்புகளின் விளிம்பில் தடித்த காதுகளும் வளையங்களும் இருக்கும். காண்போர்க்கு ஓர் ஐயம் எழலாம். இவ்வளையங்களில் சங்கிலியைப் பூட்டிக் கலத்தைத் தீக்குமேல் தொங்கவிட்டுச் சமைத்தார்களோ? அதுவன்று. கழிகளை நுழைத்து, ஆட்கள் தோள் கொடுத்துத் தூக்கி, அடுப்பின்மேல் வைக்கவும் இறக்கவுமே அவை பயன்பட்டன. தூக்கிச் சுமப்பதற்கு வளையம் உண்டு; தொங்கவிட்டுச் சமைக்கும் வழக்கம் இல்லை. தமிழகத்துத் திருமண வீடுகளில் அண்டாவையும் கொப்பரையையும் நாம் கையாளும் முறையும் இதுவே.

உலகில் வேறு பல நாடுகளில் கலத்தைத் தொங்கவிட்டே சமைத்தார்கள். நாம் ஏன் அவ்வாறு செய்யவில்லை? சிறிய வினாவாகத் தோன்றினும், பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நமக்கு இதன் விடை பயன்படும் என்று கருதுகிறோம்.

முதலில் நம் வழக்கத்தை நோக்குவோம். மூன்று கற்களை முக்கோணமாக வைத்து, நடுவே தீ மூட்டி, மேலே பானையை அமர்த்துவது நம் முன்னோரின் முறை. போர்க்களத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் களவேள்வி என்னும் துறையில் பகைவரின் தலைகளையே அடுப்புக் கற்களாகக் கற்பனை செய்தார்கள். அச்சம் தரும் அக்கற்பனையிலும் கலம் அமர்ந்தே இருக்கிறது. அடுப்பு என்றதும் புலவரின் மனக்கண்ணில் எழுந்த வடிவம் அதுதான்.

மூன்று என்ற எண்ணிக்கையிலும் ஒரு நுட்பம் உண்டு. மேடுபள்ளமான தரையில் நான்கு கால் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பது வடிவக் கணிதம் கூறும் உண்மை. அடிப்பாகம் உருண்ட மண்பானைக்கு மூன்று கற்களே உற்ற துணை. வீட்டுக்குள் மண்ணால் அடுப்புப் போட்டபோதும் அதன் வாயில் மூன்று குமிழ்களை எழுப்பி, அந்த மூன்று கற்களையே நினைவுகூர்ந்தார்கள். பக்கத்தில் கொடியடுப்பு ஒன்றை அமைத்து, முதல் அடுப்பில் மிஞ்சிய அனலை அதற்குள் செலுத்திக் குழம்பைக் கொதிக்க வைத்தார்கள்.

மண்பானையைத் தொங்கவிட இயலாமைக்குக் காரணம் வெளிப்படை. அதற்குக் கைப்பிடி வளையம் இல்லை. கழுத்தில் கயிறு கட்டலாம். ஆனால் நார்க்கயிறு அனலில் கருகி அறும். இரும்புச் சங்கிலியோ எளியவர்க்கு அரும்பொருளாக இருந்தது. இவற்றினும் முக்கியமான காரணம் நம் உணவு. கேழ்வரகுக் களியைக் கிண்டுவதற்குப் பானை அசையாமல் நிற்க வேண்டும். துடுப்பால் அழுத்திக் கிளறும்போது பானையையும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சர்க்கரைப் பொங்கலை அடிபிடிக்காமல் கிளறுவதும், பெரிய உருளியில் பாயசத்தைத் துழாவுவதும் அத்தகையனவே. தொங்கும் கலத்தில் கரண்டியை அழுத்தினால் கலமே விலகி ஓடும். தானே கொதித்து வேகும் சாற்றுக்கும் கூட்டுக்கஞ்சிக்கும் தொங்கும் கலம் ஏற்றது. கை வலிமையால் பதம் காணும் உணவுக்கு அமர்ந்த கலமே ஏற்றது.

இனி, தொங்கவிட்டவர்களைப் பார்ப்போம். நார்வே நாட்டில் ஓசபர்க் என்னுமிடத்தில் 1904-ஆம் ஆண்டில் ஒரு பழங்கப்பலை அகழ்ந்தெடுத்தார்கள். 834-ஆம் ஆண்டளவில் இறந்தோருடன் புதைக்கப்பட்ட அக்கப்பலில் சமையல் கலங்களும், கலத்தைத் தொங்கவிடும் இரும்பு முக்காலியும் கிடைத்தன. ஹங்கேரி நாட்டு மேய்ப்பர்கள் புல்வெளியில் இறைச்சிக் குழம்பு சமைக்கும் 'போக்ராச்' என்னும் கலமும் இவ்வாறு தொங்குவதே. ஜப்பானியரின் பழைய வீடுகளில் தரையின் நடுவே சதுரமான தீக்குழி உண்டு. அதற்கு மேலே கூரையிலிருந்து ஒரு கொக்கி இறங்கும். அதனை வேண்டிய உயரத்தில் நிறுத்துவதற்கு ஒரு குறுக்குக் கட்டை; அக்கட்டையைப் பெரும்பாலும் மீன் வடிவில் செதுக்குவார்கள். நீரில் வாழும் மீன் வீட்டைத் தீயிலிருந்து காக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இவையெல்லாம் குளிர் கடுமையாகத் தாக்கும் நாடுகள். அங்கே ஒரே தீ உணவையும் சமைக்க வேண்டும். வீட்டையும் வெதுவெதுப்பாக்க வேண்டும். இரவில் ஒளியும் தர வேண்டும். ஆகவே தீயைச் சுற்றிக் கற்களை அடைக்காமல் திறந்து வைத்து, கலத்தை மேலிருந்து தொங்கவிட்டார்கள். நம் நாட்டிலோ வீட்டைச் சுடவைக்கும் தேவை இல்லை. சுள்ளியும் மட்டையும் தேங்காய் ஓடும் கொண்டு, சிறு தீயைக் கலத்தின் அடியில் ஒடுக்கிச் சமைப்பதே சிக்கனம். பின்னாளில் ஐரோப்பாவில் இரும்பு மலிந்தது. 1707-ஆம் ஆண்டில் ஆபிரகாம் டார்பி என்னும் ஆங்கிலேயர் மணல் அச்சில் இரும்புப் பானைகளை வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் இரும்புப் பானை எளிய குடும்பங்களையும் எட்டியது.

வெப்பத்தை ஆளும் முறையிலும் இரண்டுக்கும் வேற்றுமை உண்டு. தொங்கும் கலத்தை உடையவர், சூடு மிகுந்தால் சங்கிலியில் இரண்டு கண்ணி மேலே ஏற்றுவார், குறைந்தால் இறக்குவார். தீ அப்படியே இருக்கும், கலம் நகரும். அமர்ந்த கலத்தை உடையவர் எரியும் விறகை வெளியே இழுப்பார், அல்லது உள்ளே தள்ளுவார். கலம் அப்படியே இருக்கும், தீ நகரும். பொங்கி வரும் உலையைக் கண்டதும் விறகைப் பின்னுக்கு இழுத்துத் தணலில் விடும் நம் தாய்மாரின் கைப்பழக்கமும், சங்கிலியின் கண்ணியை மாற்றும் மேய்ப்பரின் கைப்பழக்கமும் ஒரே அறிவின் இரு வடிவங்களே.

மீண்டும் மட்டாஞ்சேரிக்கு வருவோம். தொங்கும் கலத்தை அறியாத ஊர் என்று அதனைச் சொல்லிவிட முடியாது. 1500-ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் கொச்சிக்கு வந்தார்கள். 1663-இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினார்கள். 1795-இல் ஆங்கிலேயர் வந்தார்கள். அக்காலத்து ஐரோப்பிய மரக்கப்பல்களில் செங்கல் பாவிய இடத்தில் தீ மூட்டி, அதன்மேல் கொப்பரையைத் தொங்கவிட்டுச் சமைக்கும் வழக்கமும் இருந்தது. கப்பல் சாய்ந்தாலும் தொங்கும் கலம் நேராகவே நிற்கும் என்பது அதன் சிறப்பு. அத்தகைய கப்பல்கள் பல தலைமுறைகளாக நங்கூரமிட்ட கரை இது.

தொங்கவிடும் நுட்பமும் இங்கே புதிதன்று. கோட்டைக் கொச்சிக் கடற்கரையில் சீன வலைகளைப் பாருங்கள். ஒரு முனையில் வலை. மறுமுனையில் வெவ்வேறு நீளக் கயிறுகளில் கட்டிய கருங்கற்கள். வலை மேலே எழ எழ, கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் அமர்ந்து பளுவைச் சீராக்கும். நம் உழவரின் ஏற்றமும் இத்தகைய துலாக்கோல்தான். வெண்ணெயையும் தயிரையும் எறும்புக்கும் பூனைக்கும் எட்டாமல் காத்த உறியை நாம் மறந்துவிட்டோமா? கண்ணன் பிறந்த நாளில் உறியடிப்பதற்கே ஒரு விழா வைத்த மக்கள் நாம். கலத்தைத் தொங்கவிட நமக்குத் தெரியும். தீக்குமேல் தொங்கவிட வேண்டிய தேவைதான் இல்லை.

மொழிபெயர்ப்புப் பணியில் நாள்தோறும் சொற்களோடு பழகும் நமக்கு இதில் ஒரு சான்று தென்படுகிறது. போர்த்துகீசியரிடமிருந்து மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் ஆகிய சொற்கள் தமிழுக்கு வந்து, நம் வீட்டுப் பிள்ளைகளாகவே ஆகிவிட்டன. அமெரிக்கக் கண்டத்து மிளகாய் அவர்கள் கப்பலில் வந்து நம் குழம்பையே மாற்றியது. ஆனால், தீயின்மேல் கலத்தைத் தாங்கும் அந்த இரும்புக் கொக்கிக்கு நம் சமையலறையில் வழங்கும் சொல் ஒன்று கிடையாது. பொருள் வந்து நிலைபெற்றிருந்தால் பெயரும் வந்திருக்கும். பிறர் தந்த அனைத்தையும் முன்னோர் ஏற்கவும் இல்லை. அனைத்தையும் தள்ளவும் இல்லை. தம் நிலத்துக்கும் உணவுக்கும் பொருந்தியதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மட்டாஞ்சேரியில் இந்தப் பாடம் தெருவுக்குத் தெரு விளங்கும். கொங்கணி பேசுவோர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், தமிழர் எனப் பல மொழியினர் அங்கே அடுத்தடுத்து வாழ்கின்றனர். பிரியாணி சமைப்போர் கலத்தின் வாயை மூடி, மூடியின்மேலும் தணலை இட்டு, மேலும் கீழும் சூடேற்றுகின்றனர். ஓய்வுநாளில் தீ மூட்டலாகாது என்பது யூதர்களின் நெறி. ஆதலால் வெள்ளிக்கிழமை மாலையே உணவை இளஞ்சூட்டில் வைத்து, மறுநாள் வரை வேகவிடும் வழக்கம் உலகெங்கும் உள்ள யூதரிடையே உண்டு. மட்டாஞ்சேரி யூதரில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். தெருவின் பெயர் நிலைத்திருக்கிறது. அருகிலுள்ள வேளி என்னுமிடத்தில் 1976-இல் அமைந்த பொதுச் சலவைக் கூடம் ஒன்று உண்டு. டச்சுப் படையினரின் உடைகளை வெளுப்பதற்கென அழைத்து வரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தோர் அங்கே தொழில் செய்கின்றனர். துணிக்கு இடும் கஞ்சியை அரிசியிலிருந்து எடுக்கும் பழைய முறையை அவர்கள் கைவிடவில்லை. வந்தேறிய ஊரில் தம் கைத்திறனைக் காத்துக்கொண்ட அவர்களும் நம்மைப்போல் புலம்பெயர்ந்த தமிழரே.

அப்படியானால் தொங்கும் கலத்தால் நமக்குப் பயனே இல்லையா? உண்டு. நம் பிள்ளைகள் சாரணர் முகாம்களுக்குச் செல்கிறார்கள். குடும்பத்தோடு காட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் உலாச் செல்கிறோம். மழையில் நனைந்த தரையிலும் மணலிலும் அடுப்புக் கற்கள் பாரம் தாங்காமல் அமிழ்ந்து சாயும். அங்கே மூன்று கழிகளின் முக்காலியே கைகொடுக்கும்.

அதனை அமைக்கும் முறை எளியது. ஆள் உயரத்துக்குக் குறையாத, உலராத மூன்று பச்சைக் கழிகளை எடுத்து, நுனியிலிருந்து ஒரு சாண் கீழே கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். பிறகு கால்களைச் சம இடைவெளியில் விரித்து, அடியைத் தரையில் சற்றுப் புதைக்க வேண்டும். கால்கள் மிக நெருங்கினால் முக்காலி கவிழும். மிக விரிந்தால் வழுக்கும். உச்சியிலிருந்து தொங்குவது இரும்புச் சங்கிலியாகவே இருக்கட்டும், கயிறு வேண்டா. உறுதியான வளைபிடி உள்ள உலோகக் கலத்தையே மாட்ட வேண்டும். தீ மூட்டுவதற்கு முன்பே கலத்தில் நீர் நிரப்பித் தொங்கவிட்டுப் பார்த்தால் பளுவைத் தாங்குமா என்பது தெரிந்துவிடும். தீயின் நாக்கு கலத்தின் அடியைத் தொட்டால் போதும். பக்கங்களைத் தழுவி மேலே ஏறினால் கட்டுக்கயிற்றுக்கு ஆபத்து. கலத்தை ஏற்றவும் இறக்கவும் வேண்டும்போது முதலில் விறகை விலக்குங்கள். பிள்ளைகளை ஒரு முக்காலி உயரத்துக்கும் அப்பால் நிறுத்துங்கள். அருகே ஒரு வாளி நீரோ மணலோ இருக்கட்டும்.

கற்களை வைத்துச் சமைப்போரும் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஆற்றில் கிடந்து நீர் ஊறிய கல்லை அடுப்புக்கு எடுக்கலாகாது. உள்ளே உள்ள நீர் ஆவியாகி விரிவதால் அக்கல் வெடித்துச் சிதறக்கூடும். உலர்ந்த செங்கல்லே நல்லது. திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்கலின்போது நகர வீதிகளெல்லாம் செங்கல் அடுப்புகளால் நிறைந்துவிடும். 2009-இல் 25 இலட்சம் பெண்கள் அதில் கலந்துகொண்டதாகக் கின்னஸ் சாதனை நூல் பதிவு செய்தது. ஆற்றுக்கால் அம்மனைக் கண்ணகி என்றே பலர் போற்றுகின்றனர். மொழி மாறினும் மூன்று கல் மாறவில்லை.

நிற்க. தொங்கினாலும் அமர்ந்தாலும் திறந்த தீக்கு ஒரு பெருங்குறை உண்டு. அதன் வெப்பத்தில் மிகுதியான பங்கு காற்றோடு போய்விடும். புகையோ சமைப்பவரின் நெஞ்சுக்குள் போகும். 2020-ஆம் ஆண்டில் வீட்டுக்குள் எழும் புகை முதலிய காற்று மாசினால் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. இக்கேட்டை நம் நாட்டினர் முன்பே உணர்ந்தனர். ஐதராபாத்தில் பொறியியலறிஞர் எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பை வகுத்து, 1953-இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பைக் கொண்டுசென்றது.

வட மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே பனிக்காலத்தில் 'அங்கீட்டி' என்னும் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு உறங்குவோர் உண்டு. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே அது உயிரைக் கொண்டுபோகும். பனிக்காலந்தோறும் இத்தகைய இறப்புச் செய்திகள் வருகின்றன. வெப்ப நாட்டிலிருந்து சென்ற நமக்கு அந்த அடுப்பும் புதிது, அதன் ஆபத்தும் புதிது. அறையில் தீ இருக்குமானால் உறங்குமுன் அதனை வெளியே வைத்துவிடுங்கள். குளிருக்குக் கம்பளி போதும்.

பொங்கலன்று மாடிக் குடியிருப்பின் கூடத்திலும் விறகடுப்பு வைத்தால்தான் மரபு நிலைக்கும் என்று எண்ணுவோர் சிலர் உண்டு. மூன்று கல் அடுப்பு முற்றத்துக்கு உரியது. அதன் புகைக்கு வானமே போக்கிடம். முற்றம் உள்ளவர்கள் முற்றத்தில் பொங்கலிடுங்கள். இல்லாதவர்கள் எரிவாயு அடுப்பில் பால் பொங்குவதைக் கண்டு மகிழுங்கள். கலத்தைத் தாங்கும் அதன் இரும்புச் சட்டத்தை உற்று நோக்கினால், நம் பாட்டியர் வைத்த மூன்று கற்களின் வழித்தோன்றல் அது என்பது புலனாகும்.

அடுத்த வீட்டாரின் அடுப்பு நமக்கு விந்தையாகத் தோன்றும். நம்முடையது அவர்களுக்கு விந்தை. இது ஏன் இப்படி இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால், அந்நிலத்தின் குளிரும் வெயிலும் விறகும் தானியமும் விடையாக வந்து நிற்கும். காரணம் தெரிந்தபின் எதைக் கைக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பது எளிது. கொச்சித் துறையில் இறங்கிய பலநாட்டுப் பொருள்களை நம் முன்னோர் அவ்வாறே தேர்ந்தெடுத்தார்கள். நாம் வாழும் ஊர்களில் நாமும் அவ்வாறே தேர்ந்தெடுப்போமாக.